முதல் அசையிலேயே ஆம்ப்ளிபையர் ட்ரிப் ஆகிறது: ஏஎல்சி சுற்றில் எங்கே தவறு?

தூண்டுசுருள் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஒரு மாதமாக இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

நானே கட்டிய எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை, குரலை அனுப்பும் முறை) அமெச்சூர் ரேடியோ டிரான்ஸ்மிட்டர். கடைசிக் கட்டத்தில் இரண்டு மாஸ்ஃபெட், முழு வீச்சில் 100 வாட் தரும். அதன் பின்னால் ஒரு லீனியர் ஆம்ப்ளிபையர். அதற்கு 25 வாட் போதும். உள்ளே போவது 40 வாட்டைத் தாண்டினால் அதன் பாதுகாப்புச் சுற்று ரிலேயை விட்டுவிடும். அதனால் டிரான்ஸ்மிட்டரை 25 வாட்டிலேயே பிடித்து நிறுத்த ஒரு ஏஎல்சி (தானியங்கி அளவுக் கட்டுப்பாடு) சுற்று சேர்த்தேன்.

சுற்று இதுதான். வெளியே போகும் கேபிளில் டொராய்டு கப்ளர் (போகும் பவரில் சிறு மாதிரியை எடுக்கும் சுருள்), 20 சுற்று. 25 வாட்டுக்கு 50 ஓமில் உச்ச வோல்ட்டேஜ் 50; அதில் இருபதில் ஒரு பங்கு 2.5 வோல்ட். ஷாட்கி டயோடு 0.3-ஐ எடுத்துக்கொள்ள 2.2 வோல்ட் டிசி கிடைக்கிறது. எல்எம்358 ஆப்-ஆம்ப் ஒன்று இன்டக்ரேட்டராக இருந்து, இதை பொட்டென்ஷியோமீட்டரில் நான் வைத்த வோல்ட்டேஜோடு ஒப்பிடுகிறது. ஏஎல்சி பிடிக்கும் (கெயினைக் குறைக்கும்) வழி 4.7 கிலோஓம், விடும் (கெயினைத் திரும்ப ஏற்றும்) வழி 1 மெகாஓம், கெப்பாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட். ஆப்-ஆம்பின் வெளியீடு 9 மெகாஹெர்ட்ஸ் ஐஎஃப் (இடைநிலை அலைவரிசை) கட்டத்தில் உள்ள இரட்டை கேட் மாஸ்ஃபெட்டின் இரண்டாவது கேட்டுக்குப் போகிறது. கேட்டில் 4 வோல்ட் இருந்தால் முழு கெயின், இறங்க இறங்க கெயின் குறையும். இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் கிரிஸ்டல் ஃபில்டர். ஆப்-ஆம்புக்கு சப்ளை 12 வோல்ட்.

மீட்டரில் பார்த்தால் எல்லாம் சரி. நீளமாக ஒரு விசில் அடித்தால் முள் 25-இல் போய் அப்படியே நிற்கிறது. ஆனால் மைக்கை எடுத்து "ஹலோ" என்றால், "ஹ" முடிவதற்குள் ஆம்ப்ளிபையர் டக்கென்று ட்ரிப்.

டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் ரெசிஸ்டர்) ஸ்கோப்பை மாட்டிப் பார்த்தேன். முதல் 6 மில்லிசெகண்டுக்கு உச்சம் 95 வோல்ட். கணக்குப் போட்டால் 90 வாட்! பிறகு சரசரவென்று இறங்கி 50 வோல்ட்டில் நிற்கிறது. முள்ளுக்கு இவ்வளவு குறுகிய நேரத்தில் எழக்கூட அவகாசம் இல்லை, அதனால்தான் மீட்டர் இதைக் காட்டவே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். இடைவிடாமல் பேசிக்கொண்டே போனால் ட்ரிப் ஆவதில்லை. எதிர்முனையில் பேசுவதைக் கேட்டுவிட்டு இரண்டு நொடி கழித்துப் பேச ஆரம்பித்தால்தான் ஆகிறது.

கெப்பாசிட்டரைப் பத்தில் ஒரு பங்காக்கி 0.047 போட்டுப் பார்த்தேன். அந்த எகிறல் ஒரு மில்லிசெகண்டுக்குச் சுருங்கியது, ஆனால் ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் வர ஆரம்பித்துவிட்டது. குரலும் கரகரப்பாகிவிட்டது, சிக்னல் பக்கத்து அலைவரிசை வரை பரவுகிறது என்று கேட்டவர் சொன்னார். பழைய கெப்பாசிட்டரையே திரும்பப் போட்டுவிட்டேன்.

கூடவே இன்னொரு கேள்வி. ஆண்டெனா சரியில்லாமல் பவர் திரும்பி வந்தால் தானாகக் குறைக்கும் வசதியையும் இதே சுற்றில் சேர்க்கலாமா?

நாற்பது மீட்டர்

உங்கள் ஆம்ப்ளிபையரின் பின்பக்கம் ஏஎல்சி அவுட் என்று ஒரு சாக்கெட் இருக்குமே. அதிலிருந்து ஒரு வயரை இழுத்து டிரான்ஸ்மிட்டரின் கெயின் கட்டுப்பாட்டில் சேர்த்தால் போதாதா? நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், பல வருடமாகத் தொல்லை இல்லை.

எஃப்டி8 மாதிரி டிஜிட்டல் முறைகளுக்கு ஒரு குறிப்பும் சொல்லிவிடுகிறேன்: ஏஎல்சி வேலை செய்யவே ஆரம்பிக்காத அளவுக்கு ஆடியோவைக் குறைத்துவிடுவதே நல்லது. அதிலும் பிஎஸ்கே31-இல் சிக்னலின் உயரமே ஏறி இறங்கும், அங்கே ஏஎல்சி புகுந்தால் சிக்னல் அகலமாகிவிடும்.

பழைய வால்வு

தம்பி, ஸ்கோப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து கேட்டிருக்கிறீர்கள், அதிலேயே பாதி வேலை முடிந்தது. "இரண்டு நொடி மௌனத்துக்குப் பிறகுதான்" என்று எழுதினீர்களே, பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நீங்கள் பேசாமல் இருக்கும்போது உங்கள் ஆப்-ஆம்ப் என்ன செய்கிறது என்று யோசியுங்கள். வெளியே பவர் பூஜ்யம். வேண்டியது 25 வாட். "இன்னும் பவர் வேண்டும், இன்னும் வேண்டும்" என்று அது மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. 4 வோல்ட்டிலேயே கேட்டுக்கு முழு கெயின் கிடைத்துவிட்டது, அதற்கு மேல் ஏறி ஒரு பயனும் இல்லை. ஆனால் அது ஆப்-ஆம்புக்குத் தெரியாது. 12 வோல்ட் சப்ளையில் எல்எம்358 ஏறக்கூடிய உச்சம் 10.5 வோல்ட், அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது நீங்கள் "ஹலோ" என்கிறீர்கள். 90 வாட் பாய்கிறது. ஆப்-ஆம்ப் உடனே இறங்கத் தொடங்குகிறது, ஆனால் 10.5-இலிருந்து 4 வரை இறங்கும் வரைக்கும் கேட்டில் ஒரு மாற்றமும் நடக்காது. அந்த 6.5 வோல்ட்டும் வீண் பயணம்.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் பார்க்கலாம். 95 வோல்ட் உச்சத்துக்கு டிடெக்டர் தருவது 4.45 வோல்ட். நீங்கள் வைத்தது 2.2. வித்தியாசம் 2.25. 4.7 கிலோஓமும் 0.47 மைக்ரோஃபாரடும் சேர்ந்தால் 2.2 மில்லிசெகண்ட். ஆக மில்லிசெகண்டுக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட் இறங்கும். 6.5 வோல்ட் இறங்க 6 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். நீங்கள் ஸ்கோப்பில் பார்த்ததும் அதே 6 தானே!

விடும் வழியையும் பாருங்கள். 2.2 வோல்ட், 1 மெகாஓம், 0.47 மைக்ரோஃபாரட். நொடிக்கு 4.7 வோல்ட் ஏறும். 4-இலிருந்து 10.5-க்குப் போக ஒன்றரை நொடிக்கும் குறைவு. அதனால்தான் தொடர்ந்து பேசும்போது ட்ரிப் இல்லை, கொஞ்சம் நிறுத்திப் பேசினால் ட்ரிப். கெப்பாசிட்டரைப் பத்தில் ஒன்றாக்கியபோது இந்த ஏற்றமும் பத்து மடங்கு வேகமாகிவிட்டது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலேயே மேலே ஏறிவிடுகிறது, ஒவ்வொரு சொல்லும் எகிறலோடு ஆரம்பிக்கிறது. குரல் கரகரத்ததும் இதனால்தான்: அசைக்கு அசை கெயின் ஆடினால் குரலின் வடிவம் சிதையும், சிதைந்தால் சிக்னல் பரவும்.

மருந்து எளிது. ஆப்-ஆம்பின் சப்ளையை 12-இலிருந்து இறக்குங்கள். ஒரு 5.6 வோல்ட் ஜீனரும் ஒரு ரெசிஸ்டரும் போதும். எல்எம்358 தன் சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழேதான் நிற்கும், ஆகவே உச்சம் 4.1. உங்கள் கேட்டுக்கு வேண்டியதும் 4 தான். பேசாத நேரத்தில் அது எவ்வளவு ஆசைப்பட்டாலும் 4.1-ஐத் தாண்ட முடியாது, பேச ஆரம்பித்த கணமே கெயினைப் பிடித்துவிடும்.

இதோடு முடியவில்லை. இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம், இதை எல்லோரும் தவறவிடுகிறார்கள். உங்கள் டிரான்ஸ்மிட்டருக்கு 90 வாட் தரும் கெயினைக் கொடுத்துவிட்டு, 25-இல் நிறுத்து என்று ஏஎல்சியிடம் சொல்கிறீர்கள். எவ்வளவு வேகமான சுற்றாக இருந்தாலும் அது தவறு நடந்த பிறகுதான் திருத்தும். பவர் வெளியே போனால்தானே டிடெக்டருக்கே தெரியும்? ஆகவே ஏஎல்சி தூங்கிப்போனாலும் 28, 30 வாட்டுக்கு மேல் போக முடியாத அளவுக்குக் கெயினையே முன்கூட்டிக் குறைத்துவிடுங்கள். 90-க்கும் 25-க்கும் வித்தியாசம் ஐந்தரை டெசிபெல். மிக்ஸருக்கும் டிரைவருக்கும் நடுவில், பவர் இன்னும் மில்லிவாட்டில் இருக்கும் இடத்தில், 5 டெசிபெல் பேட் (சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர் கூட்டம்) ஒன்று வையுங்கள். இரண்டு பக்கமும் 180 ஓம் தரைக்கு, நடுவில் 30 ஓம். 90 வாட் தானாகவே 28 ஆகிவிடும். மீதி அரை டெசிபெல் சொச்சத்தை ஏஎல்சி பார்த்துக்கொள்ளும். அவ்வளவு சின்ன வேலை கொடுத்தால் அது குரலையும் கெடுக்காது.

மைக் கெயினைக் கண்டபடி ஏற்றினால் இந்தக் கணக்கெல்லாம் தவறிவிடும். உங்கள் சத்தமான குரலை வைத்து அதை ஒருமுறை நிறுத்திவிட்டு, அப்புறம் தொடாதீர்கள்.

நாற்பது மீட்டர்

ஐயா, அப்படியென்றால் ஆம்ப்ளிபையரிலிருந்து ஏஎல்சி வயர் இழுப்பது வீணா? பழைய ரேடியோக்களில் அந்த சாக்கெட்டுக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரியும் பொட்டென்ஷியோமீட்டரும் வைத்து நெகட்டிவ் வோல்ட்டேஜ் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பழைய வால்வு

வீண் என்று சொல்ல மாட்டேன். கடைசித் தடுப்பாக இருக்கட்டும். ஆனால் அதுவும் பவர் போன பிறகு திரும்பி வந்து குறைக்கிற சுற்றுதான். இவருடைய எகிறல் முதல் சில மில்லிசெகண்டில் முடிந்துவிடுகிறது, அந்த வயர் வழியாகச் செய்தி வருவதற்குள் ரிலே விழுந்திருக்கும். தவிர, ஒரே கெயினை இரண்டு ஏஎல்சி பிடித்து இழுத்தால், ஒன்று விடும்போது மற்றது பிடிக்கும். பவர் ஊஞ்சல் மாதிரி ஆடும்.

அந்த பேட்டரி வித்தை வேலை செய்வதற்கும் நான் மேலே சொன்னதுதான் காரணம். நிலையான நெகட்டிவ் வோல்ட்டேஜ் கெயினை எப்போதும் கீழேயே வைத்திருக்கிறது. பேச ஆரம்பிக்கும்போதே கெயின் குறைவு, எகிற இடமில்லை. பேட் போடுவதும் அதுவும் ஒன்றேதான்.

ரிப்பீட்டர் காவலன்

நான் எஃப்எம் ரிப்பீட்டர்களைப் பழுது பார்ப்பவன். எங்கள் பக்கம் இந்த வேலை சுலபம்: எஃப்எம்மில் சிக்னலின் உயரம் மாறுவதே இல்லை, பவர் கட்டுப்பாடு நிதானமாக வேலை செய்தால் போதும். பவர் மாட்யூலின் கேட் வோல்ட்டேஜை மெதுவாக ஏற்றி இறக்கினால் முடிந்தது. எஸ்எஸ்பி-யில் உயரமே குரல் என்பதால் உங்களுக்கு இவ்வளவு கஷ்டம்.

முந்தையவர் சொன்ன இரண்டையும் செய்யுங்கள். மூன்றாவதாக, கெயினைக் கட்டுப்படுத்தும் இடத்தை மாற்றுங்கள். இப்போது அது கிரிஸ்டல் ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறது. 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் எட்டு கிரிஸ்டல் ஃபில்டர் என்றால் சிக்னல் அதைக் கடக்கவே ஒரு மில்லிசெகண்டை ஒட்டி ஆகும். நீங்கள் கேட்டில் கெயினைக் குறைத்துவிட்டீர்கள், ஆனால் ஃபில்டருக்குள் ஏற்கெனவே நுழைந்த பெரிய சிக்னல் வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். ஆப்-ஆம்ப் இன்னும் பவர் குறையவில்லையே என்று மேலும் இறக்கும், பிறகு தேவைக்கு அதிகமாக இறங்கிவிடும். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ஐஎஃப் கட்டத்தில் கட்டுப்பாட்டை வைத்தால் அந்தத் தாமதம் போய்விடும்.

மோர்ஸ் கீ அடிப்பதாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. நீங்கள் வைத்த 2.2 வோல்ட் எப்போதும் நிலையாக நிற்க வேண்டியதில்லை. கீயை அழுத்தும்போது அது பூஜ்யத்திலிருந்து 5 மில்லிசெகண்டில் வளைந்து ஏறும்படி செய்யுங்கள். கீ மேலே இருக்கும்போது கேட்கும் பவரே பூஜ்யம் என்பதால் ஆப்-ஆம்ப் மேலே ஏறிப் போகாது, கீழே காத்திருக்கும். ஜிஎஸ்எம் கைபேசி இப்படித்தான் பிழைத்தது. அதற்குக் கிடைக்கும் நேரத் துண்டு 577 மைக்ரோசெகண்ட், அதன் ஓரத்தில் சில பத்து மைக்ரோசெகண்டுக்குள் பவர் ஏறி நிற்க வேண்டும், பக்கத்து அலைவரிசையிலும் சிந்தக் கூடாது. முன்கூட்டியே எழுதிவைத்த வளைவின்படி வோல்ட்டேஜை ஏற்றி, சுற்றை அதன் பின்னால் வரச் செய்கிறார்கள். குரலுக்கு இது உதவாது, அடுத்த அசை எவ்வளவு பெரிதாக வரும் என்று யாருக்குத் தெரியும்?

திரும்பி வரும் பவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம், கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றே சொல்வேன். கப்ளரின் மறுபக்கம் திரும்பி வருவதைக் காட்டும். அதைப் பெருக்கி, முன்னே போவதன் வோல்ட்டேஜோடு இரண்டு டயோடு வழியாகச் சேர்த்தால், எது பெரிதோ அது ஆப்-ஆம்பை ஆளும். எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா எவ்வளவு பொருந்தவில்லை என்பதன் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 2 என்றால் திரும்பி வரும் வோல்ட்டேஜ் முன்னே போவதில் மூன்றில் ஒரு பங்கு. ஆக மூன்று மடங்கு பெருக்கினால் 2-ஐத் தாண்டியதும் பவர் குறையத் தொடங்கும் என்று காகிதத்தில் வரும். அப்படியே செய்து ஏமாந்தவன் நான். டயோடு இங்கேயும் 0.3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், சின்ன வோல்ட்டேஜில் அது பெரிய பங்கு. உங்கள் எண்களில் எஸ்டபிள்யூஆர் 2-இல் வருவது 0.83, டயோடுக்குப் பிறகு 0.53. அதை 2.2 ஆக்க நாலு மடங்கு வேண்டும். நாலு வையுங்கள். எஸ்டபிள்யூஆர் 3-இல் முன்னே போகும் பவர் 12 வாட்டுக்குள் வந்துவிடும், ஆண்டெனா கழன்றே போனாலும் 3 வாட்டைத் தாண்டாது.

தூண்டுசுருள்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வார இறுதி முழுக்க இதிலேயே போனது. ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்கோப் பார்த்தேன்.

முதலில் ஐயா சொன்ன ஜீனர். பேசாத நேரத்தில் ஆப்-ஆம்பின் வெளியீட்டை அளந்தேன்: முன்பு 10.4, இப்போது 4.1. எகிறல் 6 மில்லிசெகண்டிலிருந்து ஒன்றரைக்கு வந்தது. உயரம் மட்டும் இன்னும் 80 வாட். ட்ரிப் வெகுவாகக் குறைந்தது, ஆனால் "ட", "ப" என்று வெடித்துத் தொடங்கும் சொற்களுக்கு அவ்வப்போது விழுந்துகொண்டுதான் இருந்தது.

அப்புறம் பேட். 180, 30, 180. சாலிடரை ஊதி ஆற்றிவிட்டு மைக்கை எடுத்துப் பேசியபோது ஸ்கோப்பில் உச்சம் 29 வாட். அதற்கு மேல் ஒரு கோடுகூட எழவில்லை. ஒரு மணி நேரம் விட்டு விட்டுப் பேசினேன், "டப்பா", "பட்டம்" என்று வேண்டுமென்றே கத்தினேன், ஆம்ப்ளிபையர் அசையவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. முன்பு சிக்னல் பரவுகிறது என்றவரையே திரும்பக் கேட்கச் சொன்னேன். குரல் தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

மூன்றாவதாகக் கெயின் கட்டுப்பாட்டை ஃபில்டருக்குப் பின்னால் மாற்றினேன். இது கொஞ்சம் கை வலிக்கிற வேலை, ஐஎஃப் பலகையையே கழற்ற வேண்டியிருந்தது. இப்போது தொடக்கத்தில் 27 வாட், உடனே 25. அலையின் மேல்விளிம்பு கத்தரித்தது போல் நேராக இருக்கிறது.

திரும்பி வரும் பவருக்கு நாலு மடங்கு வைத்தேன். சோதிக்க மூன்று 50 ஓம் லோடுகளைத் தொடராக மாட்டி 150 ஓம் ஆக்கினேன், எஸ்டபிள்யூஆர் 3. முன்னே போகும் பவர் 12-க்குச் சற்றுக் கீழே நின்றது. காவலன் அண்ணா சொன்ன எண் அப்படியே.

ஒரே ஒரு குறை பாக்கி. 28 மெகாஹெர்ட்ஸில் இப்போது 15 வாட்தான் வருகிறது. பேட் இல்லாதபோதும் அந்த பேண்டில் 50-ஐத் தாண்டாது, 5 டெசிபெல்லை எடுத்ததும் 25-ஐ எட்ட முடியவில்லை.

பழைய வால்வு

அது இயல்புதான் தம்பி. மாஸ்ஃபெட்டின் கெயின் அலைவரிசை ஏற ஏறக் குறையும். ஒரே பேட் எல்லா பேண்டுக்கும் பொருந்தாது. ஒவ்வொரு பேண்டிலும் ஏஎல்சியைத் துண்டித்துவிட்டு, டம்மி லோடில், எவ்வளவு பவர் வருகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து 28 வாட்டுக்கு எத்தனை டெசிபெல் கூடுதலோ, அந்த பேண்டுக்கு அவ்வளவு பேட். 28 மெகாஹெர்ட்ஸுக்கு 50 என்றால் இரண்டரை டெசிபெல். பேண்ட் மாற்றும் ரிலேக்களோடு சேர்த்து மாறும்படி வைத்துவிடலாம். அளக்கும்போது லீனியரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

தூண்டுசுருள்

பேண்ட் ஃபில்டர் பலகையில் ஒவ்வொரு ஃபில்டரின் வாயிலிலும் மூன்று ரெசிஸ்டருக்கு இடம் இருக்கிறது ஐயா. அங்கேயே போட்டால் தனி ரிலேயும் வேண்டாம். இன்று 28-இல் ஆரம்பித்து கீழே இறங்குகிறேன்.